குளிரறையிலிருந்து வந்த லேபிள்

காலை எட்டு மணி. சூப்பர்வைசர் ஆலையின் குளிரறைக் கதவைத் திறந்ததும் பனிப்புகை தரையோடு தரையாக வழிந்து வெளியே வந்தது. வெளிச்சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினார். பின்வரிசையில், உறைந்த பழப்பெட்டிகளின்மேல் சாய்ந்தபடி லேபிளக்கா உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தார். கிட்டே போனார். அவள் புருவத்தில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்து நடைவழியில் ஒரு மேசைமேல் கிடத்தினார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே உடம்பு விறைத்திருந்தது. வலது கையில் பிடித்திருந்த ஸ்கேனரை யாராலும் விடுவிக்க முடியவில்லை. பாக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அவள் தங்கை கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எதிரே இருந்த லேபிள் அறையில் மிஷின் ஓடத் தொடங்கியது.

உள்ளே ஆளில்லை. கதவு திறந்தே கிடந்தது. மிஷினின் வாயிலிருந்து லேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, சுருண்டு, தரையில் விழுந்தன. யாரோ ஒருத்தன் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். "நிறுத்தி வை. இடம் குளிரறை, பின்வரிசை. ஆள் எண் பத்தொன்பது."

பத்தொன்பது லேபிளக்காவின் எண். லேபிளில் இருந்த நேரம், அந்த நிமிஷத்தின் நேரம்.

நடைவழி காலியாகிவிட்டது. தங்கை மட்டும் நின்றாள்.

ஆய்வாளர் ஜீப்பை விட்டு இறங்கியபோது தொழிலாளர்கள் மொத்தப் பேரும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே கால் வைக்க ஒருவருக்கும் தைரியமில்லை. கூட வந்த ஏட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"செத்த பொம்பளை லேபிள் அடிக்குதாம் மேடம்."

"யாராவது பார்த்தாங்களா?"

"முப்பது பேர் பார்த்திருக்காங்க."

ஆய்வாளருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் முப்பது பேர் சேர்ந்து பயப்படுகிறார்கள் என்றால் எதையோ பார்த்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. நேராக லேபிள் அறைக்குப் போனார். தரையில் குவிந்து கிடந்த லேபிள்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே வாசகம். நிறுத்தி வை. நிறுத்தி வை. நிறுத்தி வை. மிஷினின் ஓரத்தில் இருந்த பிளவில் லேபிளக்காவின் அட்டை செருகியபடியே இருந்தது. அறை கதகதப்பாகத்தான் இருந்தது. இருந்தும் அவர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அது குழந்தைகளுக்கான பழக்கூழ் செய்யும் ஆலை. பல் முளைக்காத குழந்தைகள் தின்னும் ஆப்பிள் கூழ், பேரிக்காய்க் கூழ், எல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒரு பட்டைக்கோடு லேபிள். எந்தக் குழந்தைக்காவது ஏதாவது ஆனால் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து போகலாம். எந்தத் தொகுதி, எந்தக் கொப்பரை, எத்தனை மணிக்கு, யார் கை என்பது வரை தெரிந்துவிடும். அந்தக் கோடுகளைப் பத்து வருஷமாகப் போட்டவள்தான் செத்துப்போனவள். லேபிள் கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவாளாம். அதனாலேயே அவளுக்கு அந்தப் பெயர்.

மேனேஜர் தன் அறையில் காத்திருந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு.

"பாவம் மேடம். பழப்பெட்டி சரிபார்க்க உள்ள போயிருப்பாங்க. உள்பக்கக் கைப்பிடி பனியில இறுகியிருக்கும். எத்தனையோ தடவை எச்சரிக்கை போர்டு வச்சாச்சு."

"நேத்து அவங்களப் பார்த்தீங்களா?"

"பார்க்கவே இல்ல. காலைலருந்து மீட்டிங். ஆறு மணிக்குக் கிளம்பிட்டேன். பொண்ணு ஸ்கூல்ல பரிசளிப்பு விழா, மேடையிலேயே உட்கார வச்சுட்டாங்க. ஊரே பார்த்திச்சு."

அவர் கம்ப்யூட்டரை ஆய்வாளர் பக்கம் திருப்பினார். முந்தைய நாள் அடித்த லேபிள்கள் நேரப்படி அடுக்கியிருந்தன. பத்தொன்பதாம் எண்ணில் கடைசி லேபிள் இரவு ஏழு நாற்பதுக்கு.

"ஏழு நாற்பது வரைக்கும் வேலை பார்த்திருக்காங்க. அப்புறம்தான் உள்ள போயிருக்கணும்," என்றார் மேனேஜர். "அப்ப இங்க பொறுப்புல இருந்தது சூப்பர்வைசர். அவரைத்தான் கேட்கணும்."

டாக்டரிடம் கேட்டதற்கு அவர் கையை விரித்துவிட்டார். உறைந்துபோன உடம்பில் செத்த நேரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார்.

சூப்பர்வைசர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

"நேத்து மத்தியானம் நீங்களும் லேபிளக்காவும் சத்தம் போட்டுக்கிட்டீங்களாமே?"

"ஆமா மேடம். நிரப்பற மிஷின்ல ஒரு பாட்டில் உடைஞ்சுது. உடைஞ்சா முன்னாடி பின்னாடி நிரப்பின பாட்டில் எல்லாத்தையும் ஒதுக்கணும். பத்து தட்டு. நான் ரெண்டு தட்டு ஒதுக்கினாப் போதும்னேன். அவங்க ஒரு பாட்டிலக்கூட விட மாட்டேன்னாங்க. குழந்தை வாய்க்குப் போறதுய்யான்னு என்னைத் திட்டினாங்க. கடைசியில அவங்க சொன்னபடிதான் ஒதுக்கினோம்."

"அந்தத் தட்டெல்லாம் எங்க?"

"சாயங்காலம் பார்த்தேன், இடம் காலியா இருந்துச்சு. அழிக்க அனுப்பியாச்சுன்னு நெனச்சேன்."

"சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"நாலு மணிக்கு மேனேஜர் மைக்ல கூப்பிட்டாரு. எல்லாரும் நிரப்பற ஹாலுக்குப் போங்க, லைட்டை அணைச்சுட்டு டார்ச் அடிச்சு ஒரு தூள் விடாம கண்ணாடியத் தேடுங்கன்னு. மொத்தப் பேரும் அங்கதான். முடியற வரைக்கும் யாரையும் நான் நகர விடல. முடிச்ச கையோட, வாரின கண்ணாடி டிரம்முக்கு ஒரு லேபிள் அடிக்க லேபிள் ரூமுக்குப் போனேன். என் கார்டு போட்டு அடிச்சேன். அப்ப ஆறு அடிக்கல."

"லேபிளக்கா அங்க இருந்தாங்களா?"

"இல்ல. கார்டு மட்டும் மேசையில கிடந்துச்சு. டீ குடிக்கப் போயிருப்பாங்கன்னு நெனச்சு, என் வேலைய முடிச்சுட்டு அவங்க கார்டை மிஷின்ல செருகி வச்சுட்டு வந்தேன். அப்புறம் எட்டு மணி வரைக்கும் கொப்பரைப் பக்கம் தனியா இருந்தேன்."

"தனியா."

சூப்பர்வைசர் தலை குனிந்தார். வெளியே வந்ததும் ஏட்டு சொன்னார், "சண்டை போட்டிருக்கான், தனியா இருந்திருக்கான், பொணத்தையும் அவனே கண்டுபிடிச்சிருக்கான். இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?"

ஆய்வாளர் நடைவழியில் திரும்பி நடந்தார். குளிரறைக்கு எதிரே போய் நின்றார்.

"ஏட்டய்யா, நான் உள்ள போறேன். கதவைச் சாத்திட்டு விளக்கை அணைங்க. நான் வெளிய வரலைன்னா ரெண்டு நிமிஷத்துல திறங்க."

"வேணாம் மேடம்."

"சாத்துங்க."

கதவு ஒரு பெருமூச்சு விட்டதுபோல மூடிக்கொண்டது. விளக்கு அணைந்தது. அப்படி ஓர் இருட்டை ஆய்வாளர் அதுவரை பார்த்ததில்லை. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் ஊசி குத்தியது. எங்கோ மேலே விசிறி இரைந்தது. முழுப் பலத்தோடு சுவரைத் தட்டிப் பார்த்தார். தலையணையைத் தட்டினாற்போல சத்தம் அங்கேயே செத்தது. கையிலிருந்த போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பின்வரிசையில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு தடவித் தடவிக் கதவின் குமிழைக் கண்டுபிடித்துத் தள்ளினார்.

கதவு சுலபமாகத் திறந்துகொண்டது.

வெளியே ஏட்டு வியர்த்துப்போய் நின்றார். ஆய்வாளர் உதட்டின் நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, கதவின் வெளிப்பக்கத்தைக் காட்டினார். பூட்டு மாட்டும் இரும்பு வளையத்தின் உள்விளிம்பில் புதிதாக ஒரு கீறல் பளிச்சென்று தெரிந்தது.

"கைப்பிடி இறுகல. வெளிய இருந்து இதுல ஏதோ கம்பியச் சொருகியிருக்காங்க. யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி உருவியும் எடுத்திருக்காங்க. கேட்டுல விசாரிங்க. காலைல எல்லாருக்கும் முந்தி வந்தது யாரு?"

விசாரித்துவிட்டு ஏட்டு திரும்பி வந்தார். விடியற்காலையில் ஒரு லாரி சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. அதை அனுப்பி வைக்க மேனேஜரே நேரில் வந்து, அனுப்பிவிட்டுத் திரும்ப வீட்டுக்குப் போயிருக்கிறார்.

தங்கை லேபிள் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்த முகம். ஆய்வாளர் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தினமும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவீங்களா?"

"ஆமாங்க. ஆறு மணி பஸ். நேத்து ஹால்லருந்து வெளிய வந்து தேடினேன். மேனேஜர் எதுக்க வந்தாரு. அக்காவுக்கு ஓவர்டைம் இருக்கு, நீ போம்மான்னாரு. நானும் போயிட்டேன்." அவள் எதிரே இருந்த குளிரறையைக் காட்டினாள். "இந்தக் கதவுக்கு முன்னாடிதான் நடந்து போனேன். உள்ளதான இருந்திருக்கா?"

ஆய்வாளர் வேறொன்று கேட்டார். "காலைல மிஷின் தானா ஓடினப்ப நீங்க மட்டும்தான் ஓடல. வேற என்ன பார்த்தீங்க?"

"அக்கா கையத் தேய்ச்சிட்டிருந்தேன். ஸ்கேனர்ல லைட்டு சிவப்பா மின்னிட்டே இருந்துச்சு. அப்புறம் பச்சையாச்சு. அது பச்சையானதும்தான் மிஷின் ஓடிச்சு."

ஆய்வாளர் கண்ணை மூடித் திறந்தார். இருட்டில் சிக்னலே இல்லாத தன் போன் அவர் நினைவுக்கு வந்தது.

"அந்த ஸ்கேனர்ல லேபிள் அடிக்கச் சொல்லி உத்தரவு கொடுக்க முடியுமா?"

"முடியும். ஒரு பெட்டி வெளிய போகக் கூடாதுன்னா அதை ஸ்கேன் பண்ணி பட்டனை அழுத்துவோம், நிறுத்தி வைன்னு அந்த இடத்தோட பேரோட இங்க லேபிள் வரும். சிக்னல் இல்லாத இடத்துல அழுத்தினா உள்ளயே தேங்கி நிக்கும். வெளிய வந்ததும்..." அவள் நிறுத்திவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

இருட்டில், பின்வரிசைப் பெட்டியைத் தடவி ஸ்கேன் செய்து, யாராவது லேபிள் அறையில் பார்க்கமாட்டார்களா என்று பட்டனை அழுத்திக்கொண்டே இருந்த ஒரு விரல் இருவர் கண்ணிலும் நின்றது.

"போகாதுன்னு அவளுக்குத் தெரியுங்க," என்றாள் தங்கை.

"தெரிஞ்சுதான் அழுத்தியிருக்காங்க. கதவு என்னிக்கு இருந்தாலும் திறந்துதானே ஆகணும்." ஆய்வாளர் எழுந்து மிஷினிடம் போனார். "இது எப்படி எழுதுது? சொல்லுங்க."

தங்கை மூடியைத் திறந்து காட்டினாள். ஒரு பக்கம் வெள்ளைக் காகிதச் சுருள். மேலே கறுப்பு மை நாடா. சூடு பட்ட இடத்தில் நாடாவின் மை காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"மை போன நாடா?"

"இந்தப் பக்க உருளையில சுத்திக்கும். தீர்ந்தா குப்பையில போடுவோம். அதை யாரும் பார்க்கறதில்ல."

ஆய்வாளர் அந்த உருளையைக் கழற்றி, நாடாவின் நுனியை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கறுப்பில் வெளிச்சம் எழுத்தாக ஒழுகியது. காகிதத்துக்குப் போன ஒவ்வோர் எழுத்தும் நாடாவில் ஓட்டையாகத் தங்கியிருந்தது. நிறுத்தி வை. பத்தொன்பது.

"பிரிங்க, மெதுவா."

இருவரும் நடைவழி நெடுகக் கறுப்பு நாடாவை விரித்துக்கொண்டே போனார்கள். காலையில் வந்த லேபிள்கள் தீர்ந்தன. அதற்கு உள்ளே ஒற்றை லேபிள். கண்ணாடிக் கழிவு, சூப்பர்வைசரின் எண், ஆறு மணிக்குச் சற்று முன். அதற்கும் உள்ளே, முடிவே இல்லாமல், பத்தொன்பதாம் எண். ஒவ்வொன்றிலும் நேற்றைய தொகுதி எண்ணுக்குப் பதில், போன வெள்ளிக்கிழமை செய்த தொகுதியின் எண். முதலில் கையில் வந்ததைத் தங்கை வாய்விட்டுப் படித்தாள்.

"ஏழு நாற்பது."

ஆய்வாளர் அங்கேயே நின்றார். "வெள்ளிக்கிழமைத் தொகுதின்னு லேபிள் ஒட்டின சரக்கு இப்ப எங்க இருக்கு?"

"விடியக்காலை லாரியில போயிருக்கும்."

"ஏட்டய்யா, அந்த லாரி போன கிடங்குக்கு உடனே போன் போடுங்க. ஒரு பாட்டில் வெளிய போகக் கூடாது. அதுல கண்ணாடி இருக்கு."

மேனேஜர் அறையில் சூப்பர்வைசரும் இருந்தார். ஆய்வாளர் நாடாவை மேசைமேல் வைத்தார். உட்காரவில்லை.

"சார், கம்ப்யூட்டர் நேரத்தை வச்சு அடுக்கும். மிஷின் கடிகாரத்தைத் திருகினா அது நம்பிடும். நாடாவுக்குக் கடிகாரம் தெரியாது. எது முதல்ல வந்துச்சோ அது உள்ள, எது அப்புறம் வந்துச்சோ அது வெளிய. ஏழு நாற்பது லேபிள், ஆறு மணிக்கு முன்னாடி அடிச்ச லேபிளுக்கு உள்ள சுத்தியிருக்கு. அப்படின்னா அதை அடிச்சது ஏழு நாற்பதுக்கு இல்ல. எல்லாரும் இருட்டு ஹால்ல கண்ணாடி தேடிட்டிருந்தப்ப."

மேனேஜர் சிரிக்க முயன்றார். "லேபிளக்காவே அடிச்சிருக்கலாமே."

"கண்ணாடி இருக்கற பாட்டிலுக்கு வெள்ளிக்கிழமை நம்பரை அவங்க போட்டிருப்பாங்களா? மத்தியானம் அதுக்காகத்தானே சண்டை போட்டாங்க. அதுவும் இல்லாம, அவங்களே அடிக்கறதா இருந்தா கடிகாரத்தை எதுக்குத் திருகணும்? சூப்பர்வைசர் ஹாலை விட்டு நகரல, கூட முப்பது பேர் சாட்சி. ஹாலுக்கு வெளிய இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் செத்துட்டாங்க."

ஆய்வாளர் நாடாவை மேனேஜர் பக்கம் நகர்த்தினார்.

"ஒதுக்கின தட்டு இடத்துல இல்லைன்னதும் கார்டை லேபிள் ரூம்லயே விட்டுட்டு, ஸ்கேனரோட தேடப் போயிருக்காங்க. குளிரறையில இருக்குன்னு நீங்கதான் சொல்லியிருக்கணும். உள்ள போனதும் வெளிய கம்பியச் சொருகினீங்க. அவங்க கார்டுலயே கெட்ட பாட்டிலுக்கு நல்ல நம்பர் போட்டீங்க. கடிகாரத்தைப் பழையபடி வச்சீங்க. நேத்து முழுக்க அவங்களப் பார்க்கவே இல்லைன்னீங்க. பார்க்காதவர், ஓவர்டைம் இருக்குன்னு தங்கச்சிகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

மேனேஜர் தன் சட்டைக் கையின் மடிப்பை நீவிவிட்டார்.

"இந்த மாசத்துல ரெண்டாவது தடவை உடையுது," என்றார் கடைசியில். "இன்னொரு தொகுதி அழிஞ்சா என்னை வச்சுக்கமாட்டாங்க. எத்தனை பாட்டில்ல கண்ணாடி இருக்கப் போகுது? ஒண்ணு, ரெண்டு. அதுவும் இல்லாமக்கூடப் போகலாம். சொல்லிப் பார்த்தேன். கேட்கல. கொஞ்ச நேரம் உள்ள இருந்தா புத்தி வரும்னுதான்..."

"அப்புறம் ஏன் திறக்கல?"

"திறந்தா சொல்லிடுவாளே."

சூப்பர்வைசர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனார். நடைவழியில் அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஏட்டு மேனேஜரின் கையைப் பிடித்தார்.

கிடங்கிலிருந்து பதில் வந்திருந்தது. லாரிச் சரக்கு அப்படியே இருந்தது, ஒரு தட்டைத் தவிர. அது காலையிலேயே பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. ஆய்வாளர் ஜீப்பில் ஏறியபோது தங்கையும் கூடவே ஏறினாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

"நம்பர் எனக்குத்தான் கண்ணை மூடினாலும் தெரியும்," என்றாள் அவள்.

கடையின் அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. தங்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைப் பார்த்துப் பெட்டிக்குள் போட்டாள். ஒன்று குறைந்தது. கடைக்காரர் தெருப்பக்கம் கை காட்டினார். வாசலைத் தாண்டி, இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். தங்கை ஓடினாள்.

"அண்ணா, அந்தப் பாட்டிலைக் குடுத்துடுங்க."

"ஏம்மா? காசு குடுத்துதான் வாங்கினேன்."

"வேற தரச் சொல்றேன். இதைக் குடுங்க."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் லேபிளைப் பார்த்தாள். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். மஞ்சள் கூழ் மெதுவாக இறங்கியது. அடியில், நகத்துண்டு அளவுக்கு, ஏதோ ஒன்று ஒரு கணம் மினுங்கிவிட்டுக் கூழுக்குள் மறைந்தது.

அந்த ஆளும் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. குழந்தை பாட்டிலுக்காகக் கையை நீட்டிச் சிணுங்கியது. அவர் அதன் தலையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"யாரும்மா இதைக் கண்டுபிடிச்சது?"

ஆய்வாளர் பின்னால் வந்து நின்றிருந்தார். தங்கை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கக்கா," என்றாள்.